பட்டத்தின் பெயரும் பாடங்களின் பட்டியலும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும், நம் நெசவாளர், விவசாயிகள் இல்லங்களில் எழும் கேள்வி, பிள்ளையை எந்தப் பட்டப்படிப்பில் சேர்ப்பது என்பதே. பலரும் பட்டத்தின் பெயரைக் கேட்டே முடிவு செய்கின்றனர். பெயரினும் முக்கியமானது அதனுள் அடங்கிய பாடங்களின் பட்டியல் என்பதை உறுப்பினர்களுக்கு எடுத்துக்கூற விரும்புகிறோம்.

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் படிப்பு பொதுவாக மூன்று ஆண்டுகள், ஆறு பருவங்கள் கொண்டது. பாடங்கள் ஐந்து பகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளன. முதற்பகுதி தமிழ் அல்லது பிறிதொரு மொழி, இரண்டாவது ஆங்கிலம். மூன்றாவதே பட்டத்தின் உயிர்நிலை. முதன்மைப் பாடம், அதற்குத் துணைநிற்கும் சார்புப் பாடம், விருப்பப் பாடம் ஆகியவை இதில் அடங்கும். இயற்பியலை முதன்மையாகக் கொண்டவர் கணிதத்தையும் வேதியியலையும் சார்புப் பாடங்களாகப் பயில்வது வழக்கம். நான்காம் பகுதியில் சுற்றுச்சூழல் கல்வி முதலியவற்றோடு பிற துறைப் பாடம் பயிலவும் இடமுண்டு. வணிகவியல் மாணவர் தாவரவியல் துறையில் காளான் வளர்ப்புப் பயில்வது இவ்வகையே. ஐந்தாவது, நாட்டு நலப்பணித் திட்டம் போன்ற தொண்டுகள்.

ஒவ்வொரு பாடத்திற்கும் கிரெடிட் உண்டு. சங்கப் பாஸ் புத்தகத்தில் வரவு ஏறுவதுபோல், தேர்ச்சி பெற்ற பாடத்தின் கிரெடிட் மாணவர் கணக்கில் ஏறும். பல பல்கலைக்கழகங்களில் மொத்தம் 140 கிரெடிட் சேர்ந்தாலே பட்டம் கிட்டும். ஒரு சிறு பாடம் நிலுவையாய் நின்றாலும் பட்டம் தடைப்படும்.

இனி இதன் பயனைக் காண்போம். கூட்டுறவு நிறுவனங்களின் உதவியாளர் பணிக்குப் பட்டத்தோடு கூட்டுறவுப் பயிற்சியும் கோரப்படுகிறது. கூட்டுறவையே முதன்மையாகப் பயின்ற பட்டதாரிகளுக்கு அப்பயிற்சியினின்று விலக்களிப்பதுண்டு. ஆயினும் கணக்குப்பதிவியல், வங்கியியல், கூட்டுறவு, தணிக்கை ஆகியவற்றைப் பயின்றிருத்தல் வேண்டும் என நிபந்தனை விதிப்பதும் உண்டு. அங்கே பட்டத்தின் பெயர் மட்டும் போதாது. மதிப்பெண் பட்டியலே சாட்சி. புதுப்பெயர் சூட்டிய பட்டமாயின், பழைய பட்டத்திற்கு இணையானது என்னும் அரசாணை உள்ளதா என்று பார்த்தல் வேண்டும். இணையாணை இன்மையால் வாய்ப்பிழந்தோர் உண்டு.

ஆகவே, நகையை அடகு வைத்துக் கட்டணம் செலுத்துமுன், ஆறு பருவங்களின் பாடத்திட்டத்தையும் கல்லூரியில் கேட்டு வாங்குக. ஏட்டிலுள்ள விருப்பப் பாடங்களுள் எவை உண்மையில் நடத்தப்படுகின்றன என்றும் வினவுக. ஆசிரியர் குறைந்த இடத்தில் ஒன்றே நடைபெறும்; அப்போது விருப்பம் மாணவருடையதன்று. பிள்ளை மேற்கொண்டு நாடும் படிப்பு அல்லது பணியின் தகுதி விதியோடு பட்டியலை ஒப்பிடுக.

கடன் பத்திரத்தைப் படியாமல் கையொப்பமிடலாகாது என்பது சங்கத்தில் நாம் கற்ற பாடம். கல்லூரி விண்ணப்பத்திற்கும் அதே விழிப்பு வேண்டும்.