காம்பார் மலையடிவாரத்தில் பருந்து பார்க்கும் பருவம்

வெயிலும் மழையும் தவிர இந்த நாட்டில் வேறு பருவம் இல்லை என்பார்கள். தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பால்மரம் இலையை உதிர்த்துக் குச்சியாக நிற்கும். பால் குறையும், வெட்டுக்காரர் கையில் காசும் குறையும். பிறகு செம்பு நிறத்தில் துளிர் வரும். ரப்பர் நிலங்களில் பெரும்பகுதி செம்பனையாகிவிட்ட பிறகு இந்தக் கணக்கு பலருக்கு மறந்துபோயிற்று. ஆனால் அதே நாட்களில் தலைக்கு மேலே இன்னொரு கணக்கு இன்றும் தவறாமல் நடக்கிறது.

சுமத்ரா, ஜாவா, போர்னியோ தீவுகளில் குளிர்காலத்தைக் கழித்த பருந்துகள் சைபீரியா, சீனா, ஜப்பான் பக்கம் முட்டையிடத் திரும்புகின்றன. அங்கே வசந்தம் தொடங்குவதற்குள் போய்ச் சேர வேண்டும். பிப்ரவரி பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் முற்பகுதி வரை அவை மலாய்த் தீபகற்பத்தின் மேற்குப் பக்கமாக வடக்கே பறக்கின்றன. காம்பார் பட்டணத்தின் கிழக்கே சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் எழுந்து நிற்கும் பூஜாங் மலாக்கா மலை அந்த வழியில் இருக்கிறது.

இப்பறவைகள் முதலில் கரையேறும் இடம் போர்ட்டிக்சனுக்கு அருகிலுள்ள தஞ்சோங் துவான். எதிரே சுமத்ராவின் ரூப்பாட் தீவு; இடையே சுமார் 38 கிலோமீட்டர் கடல். மலேசிய இயற்கைக் கழகம் 2000-ஆம் ஆண்டு முதல் அங்கே மார்ச் மாதத்தில் பருந்து பார்க்கும் விழா நடத்தி வந்துள்ளது. அதனால் அந்த இடத்தின் பெயர் பலருக்குத் தெரியும். அங்கிருந்து காம்பார் இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

பருந்து கடலுக்கு ஏன் அஞ்ச வேண்டும்? சிறகடித்துப் பறந்தால் அதன் பெரிய உடல் சீக்கிரம் களைத்துவிடும். ஆகவே அது வெப்பக் காற்றை நம்பி வாழ்கிறது. வெயில் ஏறும்போது பாறையும் வெட்டவெளியும் சூடாகி, மேலுள்ள காற்று தூண்போல் எழும். பருந்து சிறகை விரித்தபடி அந்தத் தூணுக்குள் வட்டமிட்டு உயரே போகும். பிறகு வடக்கு நோக்கிச் சறுக்கி அடுத்த தூணைப் பிடிக்கும். தண்ணீர் மெதுவாகவே சூடேறும் என்பதால் கடலுக்கு மேல் இந்த உதவி மிகக் குறைவு. கடலைத் தாண்டி வரும் பறவை பல நேரங்களில் மரத்தின் உச்சியை உரசுவதுபோல் தாழப் பறந்து கரையேறுவது இதனால்தான்.

தமிழர்களுக்கு இந்த வட்டம் புதிதல்ல. கும்பாபிஷேக நேரத்தில் கோபுரத்திற்கு மேலே கருடன் வட்டமிட்டால் கூட்டமே கைகூப்பும். அந்தப் பறவையும் ஏறுவது இதே வெப்பக் காற்றில்தான். வெண்மையான தலை, செங்கல் நிற உடல் கொண்ட கருடன் இங்கேயே வாழ்வது, எங்கும் போகாது. புதிதாகப் பார்க்க வருபவர் முதலில் கருடனை அடையாளம் கண்டு ஒதுக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வழிப்போக்கர்களில் முக்கியமானது தேன் பருந்து. புறாவுக்கு இருப்பதுபோல் சிறிய தலை, நீண்ட கழுத்து, அகன்ற சிறகு, பட்டை போட்ட வால். நிறத்தை நம்பக் கூடாது. ஒன்று கரும்பழுப்பாக இருக்கும், அடுத்தது வெளுத்திருக்கும். குளவிக் கூட்டையும் தேன்கூட்டையும் கலைத்துப் புழுக்களைத் தின்பது இதன் தொழில். முகத்தில் செதில்போல் அடர்ந்த சிறு இறகுகள் கொட்டுகளைத் தாங்கும் கவசம். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2003 முதல் இப்பறவைகளின் முதுகில் சிறு கருவி பொருத்தித் துணைக்கோள் வழியே தொடர்ந்தார்கள். தெற்கே வரும் பாதையும் வடக்கே திரும்பும் பாதையும் சீனப் பகுதியில் வெவ்வேறாக இருந்தன. ஆனால் இரண்டு பயணமும் மலாய்த் தீபகற்பத்தின் வழியாகவே நடந்தது.

கருப்பும் வெள்ளையுமாய், உச்சியில் கொண்டையோடு, காக்கையை விடச் சிறியதாக ஒரு பருந்து உண்டு. அது கூட்டமாகத்தான் வரும். ஒரே தூணில் பல டஜன் சுழல்வதைப் பார்ப்பது இந்தப் பருவத்தின் சிறப்பு என்றே சொல்லலாம். ஜப்பான் வல்லூறு அளவில் புறா போன்றது, பெரும்பாலும் தனியாகச் செல்லும். சாம்பல் முகப் பருந்து எண்ணிக்கையில் குறைவு.

எங்கே நின்று பார்ப்பது? மலைக்குள் நுழைந்தால் மரக்கிளைதான் தெரியும். பழைய ஈயக்குட்டைகளை ஒட்டிய வெளியில், மலையை நோக்கி நிற்பதே நல்லது. 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை நடந்த காம்பார் போரில் பிரிட்டிஷ், இந்தியச் சிப்பாய்கள் இந்த மலையின் முகடுகளைப் பிடித்துக்கொண்டதற்கும் ஈயம் எடுத்த திறந்தவெளிதான் காரணம். வருபவர் யாராயினும் தூரத்திலேயே தெரிந்துவிடுவார்கள். பருந்து பார்ப்பவர் அதே வெளியில் நின்று மேலே பார்க்கிறார், அவ்வளவே வேறுபாடு.

விடியற்காலையில் எழுந்து ஓட வேண்டியதில்லை. பருந்து சோம்பேறி என்று நினைத்தாலும் சரி, காலை பத்து மணிக்குப் பிறகு நிலம் சூடேறினால்தான் அது கிளம்பும். பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை நல்ல நேரம். சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து எழுவதால் காலையில் கிழக்கே பார்ப்பது கண்ணுக்கும் நல்லதல்ல. எட்டு மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி போதும். அதைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. குடை, தண்ணீர், பாய். மல்லாந்து படுத்துப் பார்ப்பவருக்குக் கழுத்து வலிக்காது. பிற்பகலில் இடி மழை வந்தால் பறவைகள் உடனே இறங்கிவிடும்.

இறங்குகிற இடம் எது என்பதில்தான் கவலை இருக்கிறது. வெப்பக் காற்று மாலையில் நின்றுவிடும். பருந்து இரவில் தங்க உயர்ந்த மரங்கள் வேண்டும். மலைச்சரிவில் காடு இருக்கும் வரை காம்பார் அவற்றுக்கு ஒரு சத்திரம். கிந்தா பள்ளத்தாக்கு 2018-இல் தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தெம்புருங் குகை அதில் அடங்கும். சுண்ணாம்புக் குன்றுகளுக்கு அதனால் கிடைத்த கவனம் அடிவாரக் காட்டுக்கும் கிடைக்க வேண்டும். வானில் பறப்பதைச் சட்டம் பாதுகாத்து, அது உட்காரும் மரத்தை வெட்டிவிட்டால் பாதுகாப்பு பாதியிலேயே நின்றுபோகும்.

பருந்தைப் பிடிப்பதும் கூண்டில் வளர்ப்பதும் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். களைத்தோ அடிபட்டோ ஒன்று வீட்டு வாசலில் விழுந்து கிடந்தால், துணியால் மூடி, காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்து, பெர்ஹிலித்தான் அலுவலகத்திற்குச் சொல்ல வேண்டும். பரிதாபப்பட்டு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும். நகத்தின் மேல் கவனம் வேண்டும், அலகை விட அதுதான் கிழிக்கும்.

ஏப்ரல் நடுவில் வானம் வெறிச்சோடிவிடும். இவற்றில் உயிர் பிழைத்தவையும் புதிதாகப் பிறந்த குஞ்சுகளும் செப்டம்பர் இறுதியிலிருந்து நவம்பர் வரை தெற்கே திரும்பும்.