மாத்திரை போட்டால் தீருமா ஃப்ரீ ரேடிக்கல்?

பலகார டப்பாவில் வாரக்கணக்கில் கிடந்த முறுக்கில் ஒரு சிக்கு வாடை வரும். எண்ணெயிலுள்ள கொழுப்பை ஆக்ஸிஜன் கெடுத்துவிட்டது என்று அதற்குப் பொருள். அந்த வேலையைச் சங்கிலித்தொடராக நடத்துபவை ஃப்ரீ ரேடிக்கல்கள். நம் உடலின் ஒவ்வொரு செல்லையும் மூடியிருப்பதும் மெல்லிய கொழுப்புப் படலம்தான். அங்கேயும் இதே வேதிவினை நடக்கிறது.

மூலக்கூறுகளில் எலக்ட்ரான்கள் பெரும்பாலும் ஜோடியாகவே இருக்கும். ஜோடியில்லாத எலக்ட்ரானோடு நிற்கும் அணுவோ மூலக்கூறோதான் ஃப்ரீ ரேடிக்கல். பாடப்புத்தகம் இதைத் தனி உறுப்பு என்கிறது. பக்கத்து மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பறித்தால்தான் இது அடங்கும். பறிகொடுத்த மூலக்கூறு ஃப்ரீ ரேடிக்கலாக மாறி அடுத்ததன்மேல் பாயும். கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. என எதுவும் இதற்கு விலக்கல்ல.

இது வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா உணவை ஆற்றலாக்கும்போது கொஞ்சம் எலக்ட்ரான்கள் வழியில் கசிந்து ஆக்ஸிஜனோடு ஒட்டிக்கொள்கின்றன. சூப்பராக்ஸைடு என்ற ஃப்ரீ ரேடிக்கல் பிறப்பது அப்படித்தான். சிகரெட் புகையும் கதிர்வீச்சும் இந்தச் சுமையைக் கூட்டும். முதுமைக்கே இந்தச் சேதம்தான் காரணம் என்று 1956இல் அமெரிக்கரான டென்ஹாம் ஹார்மன் எழுதினார். 1969இல் டியூக் பல்கலைக்கழகத்தில் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும், சூப்பராக்ஸைடை முறிப்பதற்கென்றே உடலில் ஒரு நொதி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

அதற்காக ஃப்ரீ ரேடிக்கலை வில்லனாகவே பார்ப்பது தவறு. ரத்தத்திலுள்ள நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு ஒரு பாக்டீரியாவை விழுங்கியதும் என்ன செய்கிறது பாருங்கள். சட்டென்று ஆக்ஸிஜனைப் பல மடங்கு இழுத்து, வேண்டுமென்றே சூப்பராக்ஸைடைத் தயாரிக்கிறது. அது ஹைட்ரஜன் பெராக்ஸைடாகி, பிறகு ஹைப்போகுளோரஸ் அமிலமாகிறது. குடிநீர்த் தொட்டியில் கரைக்கும் பிளீச்சிங் பவுடரில் கிருமியைக் கொல்வதும் இதே அமிலம்தான்! மரபணுக் கோளாறால் இந்தச் சூப்பராக்ஸைடைத் தயாரிக்க முடியாமல் பிறக்கும் குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு நுரையீரலிலும் ஈரலிலும் திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டி வரும். ரத்தக்குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்ஸைடும் ஒரு ஃப்ரீ ரேடிக்கல்தான். அதன் பணியைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் பாதிக் கதையை விட்டுவிட்டுத்தான், ஃப்ரீ ரேடிக்கலை அடக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகளை விற்கிறார்கள். காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்குப் புற்றுநோய் குறைவு என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். அவற்றிலுள்ள பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்டைத் தனியாகப் பிரித்துக் கொடுத்தால் என்ன என்று பின்லாந்தில் சோதித்தார்கள். புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர், ஐந்து முதல் எட்டு ஆண்டுகள். 1994இல் முடிவு வந்தபோது மருத்துவ உலகம் அதிர்ந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் நடந்த இதேபோன்ற சோதனையில் 28 சதவீதம் அதிகமாகவே, 1996இல் அதைப் பாதியில் நிறுத்தினார்கள். புகையால் நொந்த நுரையீரலில் பீட்டா கரோட்டினே சிதைந்து தீங்கு செய்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். பிறகு 35,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த வேறொரு சோதனையில், வைட்டமின் ஈ மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது.

உடற்பயிற்சியின்போதும் ஃப்ரீ ரேடிக்கல்கள் பெருகும். அந்தப் பெருக்கமே, தற்காப்பு நொதிகளைக் கூட்டச் சொல்லி உடலுக்குக் கிடைக்கும் தகவல். 2009இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், நான்கு வாரப் பயிற்சியோடு வைட்டமின் சி, ஈ மாத்திரைகளையும் விழுங்கிய இளைஞர்களுக்கு, இன்சுலின் செயல்பாட்டில் பயிற்சி தர வேண்டிய முன்னேற்றம் கிடைக்கவில்லை. சும்மா பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் கிடைத்தது.

நெல்லிக்காயும் கொய்யாவும் கீரையும் தாராளமாகச் சாப்பிடலாம். அவற்றுக்கு இந்த எச்சரிக்கை பொருந்தாது. நான் கவலைப்படுவது, எந்தக் குறைபாடும் இல்லாதவர்கள், அதிலும் புகைபிடிப்பவர்கள், மருத்துவரைக் கேட்காமல் மாதக்கணக்கில் விழுங்கும் அதிக அளவு மாத்திரைகளைப் பற்றித்தான். வயதானவர்களுக்கு வரும் ஒருவகை விழித்திரைச் சிதைவில் இத்தகைய மாத்திரைக் கலவை பலன் தருவது உண்மை. அந்தக் கலவையிலும்கூட இப்போது பீட்டா கரோட்டினை எடுத்துவிட்டு, லூட்டின், ஸியாஸாந்தின் என்ற வேறு ஆன்டிஆக்ஸிடன்டுகளைச் சேர்த்திருக்கிறார்கள்.