மணலில் வண்டி இறக்கும் முன்

நம்ம கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் தாண்டிப் போனால் அரபிக்கடல். கண்ணூருக்கும் தலச்சேரிக்கும் நடுவே முழப்பிலங்காடு கடற்கரையில் சுமார் 4 கிலோமீட்டர் காரிலேயே போகலாம். மணல் அவ்வளவு கெட்டி, அரசும் அனுமதித்திருக்கிறது. அந்த ருசியில் கோவாவிலும் வண்டியை இறக்கிப்போடாதீங்க கண்ணு என்று என் தங்கை மகனிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அங்கே அது குற்றம், வழக்குப் பாயும்.

சோழமண்டலக் கரையில் எனக்குக் கவலை இன்னும் பெரிது. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி, முழங்கை ஆழத்துக்குக் குழி பறித்து, ஏறக்குறைய 100 முட்டைகள் இடும். டயர் ஏறினால் மணல் இறுகி, பொரித்த குஞ்சு மேலே வரவே திணறும். தப்பி வந்தாலும் டயர் தடத்தில் விழுந்து, அதற்குள்ளேயே ஓடி, கடலை எட்டுமுன் காகத்துக்கும் நாய்க்கும் இரையாகும். 1972ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் இது.