மணிமங்கலம் தண்ணீர் சேரும் கடலில் பலியான 6 உயிர்கள்!

துறைமுகமும் கடலோர காவல் படையும் கைகோர்ப்பது எப்படி?

மணிமங்கலத்துக்கும் கப்பலுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். ஒரகடம் ரோட்டில் கம்பெனி பஸ் ஓடுகிறது, கண்டெய்னர் லாரி ஓடுகிறது. கப்பல் எங்கே வந்தது?

சம்பந்தம் இருக்கிறது!

மணிமங்கலம் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அந்தத் தண்ணீர் அடையாற்றில் சேருகிறது. முடிச்சூர், சைதாப்பேட்டை வழியாக ஓடி, பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே கடலில் கலக்கிறது. அந்த முகத்துவாரத்துக்குப் பக்கத்துக் கடலில்தான் 2012-ம் ஆண்டு அக்டோபர் 31-ந்தேதி அந்தப் பயங்கரம் நடந்தது.

தரை தட்டிய கப்பல்

அன்று "நீலம்" புயல். மாமல்லபுரம் அருகே கரையைக் கடக்க வந்துகொண்டிருந்தது. சென்னைக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்ற "பிரதிபா காவேரி" என்ற எண்ணெய்க் கப்பலைக் காற்று சும்மா விடவில்லை. நங்கூரம் பிடி கொடுக்காமல் இழுபட்டது. கப்பல் அப்படியே கரைப்பக்கம் வந்து தரை தட்டி நின்றது.

கப்பலில் 37 பேர். உயிர் பிழைத்தால் போதும் என்று 22 பேர் உயிர்காக்கும் படகில் இறங்கினார்கள். மலை மாதிரி வந்த அலையில் படகு கவிழ்ந்தது. கரையில் நின்ற மீனவர்கள் சும்மா பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. அந்தக் கொந்தளிப்பிலும் கடலில் இறங்கிப் பலரைக் கரை சேர்த்தார்கள். ஆனாலும் 6 உயிர்கள் போயின. கப்பலிலேயே தங்கிவிட்டவர்களை மறுநாள் கடலோர காவல் படை ஹெலிகாப்டர் பத்திரமாகத் தூக்கி வந்தது.

முன்கூட்டியே எச்சரித்தோம் என்றது ஒரு தரப்பு. கப்பலில் போதிய டீசல் இல்லை, சாப்பாடு இல்லை, உதவியும் தாமதம் என்றது இன்னொரு தரப்பு. விவகாரம் ஐகோர்ட்டு வரை போயிற்று.

யார் வேலை எது?

துறைமுகத்தில் "ஹார்பர் மாஸ்டர்" என்று ஓர் அதிகாரி உண்டு. எந்தக் கப்பல் எப்போது உள்ளே வரலாம், எங்கே நங்கூரம் போடலாம் என்பதெல்லாம் அவர் பார்க்கிற வேலை. வெளியூர் கேப்டனுக்கு உள்ளூர்க் கடலின் ஆழம் தெரியாது. அதற்காகத் துறைமுகத்தில் இருந்து "பைலட்" போய்க் கப்பலில் ஏறி வழி காட்டுவார். விமான பைலட் அல்ல, இவர் கப்பல் பைலட்!

புயல் வந்தால் கூண்டு ஏற்றுவதும் துறைமுகம்தான். வானிலை இலாகா தகவல் கொடுக்கும். 1-ம் எண் என்றால் ஆபத்து தூரத்தில் இருக்கிறது. 10-ம் எண் என்றால் புயல் தலைக்கு மேலேயே வருகிறது. 11-ம் எண் என்றால் வானிலை இலாகாவுடன் தொடர்பே அறுந்துபோச்சு என்று அர்த்தம்!

இந்த வேலையெல்லாம் துறைமுக எல்லைக்குள். அதற்கு வெளியே விரிந்து கிடக்கிற கடலில் ஆபத்து என்றால் கடலோர காவல் படை. 1978-ம் ஆண்டு சட்டத்தின் மூலம் அமைந்த படை இது. நடுக்கடலில் தத்தளிப்பவர்களை மீட்க இந்தியாவில் மும்பை, சென்னை, அந்தமான் ஆகிய 3 இடங்களில் இந்தப் படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையங்கள் இருக்கின்றன.

கப்பல்கள் ஆபத்தில் கூப்பிடுவது வயர்லெஸ்சில் 16-வது சேனல். துறைமுகத்துக்கும் அது கேட்கும், காவல் படைக்கும் கேட்கும். கேட்டவுடன் யார் புறப்படுவது என்று பேசிக்கொண்டே இருந்தால், அதற்குள் படகு கவிழ்ந்துவிடும்!

எண்ணூரில் எண்ணெய்

ஒரகடத்துக் கார்கள் 2010-ம் ஆண்டில் இருந்து எண்ணூர் துறைமுகம் வழியாகவும் வெளிநாடு போகின்றன. சமையல் கேசும் அந்தத் துறைமுகத்தில் கப்பலில் வந்து இறங்குகிறது.

2017-ம் ஆண்டு ஜனவரி 28-ந்தேதி அதிகாலை. கேஸ் இறக்கிவிட்டு வெளியே போன "பி.டபிள்யூ. மேப்பிள்" கப்பலும், பெட்ரோலியப் பொருட்களுடன் உள்ளே வந்த "டான் காஞ்சிபுரம்" கப்பலும் அந்தத் துறைமுகத்துக்கு வெளியே மோதிக்கொண்டன. ஆள் சேதம் இல்லை. ஆனால் கப்பலின் எரி எண்ணெய் கொட்டிவிட்டது.

முதலில் பெரிய கசிவு இல்லை என்றுதான் பேச்சு. பிறகு பார்த்தால் எர்ணாவூர் கரையில் தார் மாதிரி கறுப்பு! காவல் படையினர், துறைமுகத்தார், மீனவர்கள், மாணவர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் நாள் கணக்கில் வாளி வாளியாக அள்ளினார்கள். மீன் வாங்க ஜனங்கள் பயந்தார்கள். மீனவர் வீட்டு அடுப்பு பல நாள் எரியவில்லை.

இந்த மாதிரி சமயத்துக்கு என்றே தேசிய அளவில் ஒரு திட்டம் 1996-ம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அதன்படி 700 டன் வரை எண்ணெய் கொட்டினால் அள்ளுவதற்குத் துறைமுகமே தயாராக இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் காவல் படை முன்னால் நிற்கும். எல்லாரையும் ஒருங்கிணைப்பதும் காவல் படையின் பொறுப்பு. காகிதத்தில் கணக்கு சரி. அந்த முதல் சில மணி நேரத்தில் "இவ்வளவு கொட்டிவிட்டது" என்று உள்ளதை உள்ளபடி சொல்வதில்தான் எல்லாமே இருக்கிறது.

ஊருக்குள் வந்த படகு

2015-ம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தை மணிமங்கலம் பக்கத்தார் மறக்க மாட்டார்கள். முடிச்சூரும் வரதராஜபுரமும் தண்ணீரில் மிதந்தன. அன்று கடல் படகுகள் லாரியில் ஏறி ஊருக்குள் வந்தன. ஓட்டி வந்தவர்கள் மீனவர்கள். ஏரித் தண்ணீர் கடலுக்குப் போகிறது, கடல்காரன் ஏரிக்காரனைக் காப்பாற்ற வருகிறான்!

கடலில் ஆபத்து என்றால் கடலோர காவல் படைக்கு 1554 என்ற எண்ணில் டெலிபோன் செய்யலாம். கரையோரத்தில் சந்தேகமான நடமாட்டம் கண்டால் தமிழக கடலோர பாதுகாப்பு போலீசுக்கு 1093. இரண்டும் வேறு வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கூண்டு ஏறினால் மீனவர் கரைக்கு வர வேண்டும். பெரிய கப்பல் ஆழ்கடலுக்குப் போக வேண்டும். போவதற்கு அதன் வயிற்றில் டீசல் இருக்கிறதா என்று கூண்டு ஏற்றும் முன்பே யாராவது கேட்டாக வேண்டும். பட்டினப்பாக்கம் கடலில் போன 6 உயிர்கள் சொல்லிவிட்டுப் போன பாடம் அதுதான்.