உரத்தில் குளோரைடு இருக்கிறதா?

ஜொகூர், பொந்தியான் வட்டாரத்திலுள்ள பெக்கான் நானாஸுக்குப் பெயரிலேயே அன்னாசி இருக்கிறது. மலாய் மொழியில் 'நானாஸ்' என்றால் அன்னாசி. இப்பயிருக்குப் பொட்டாசியச் சத்து நிறையத் தேவை. அதைப் பொட்டாசியம் குளோரைடாகவும் கொடுக்கலாம், பொட்டாசியம் சல்பேட்டாகவும் கொடுக்கலாம். முன்னது விலை குறைவு. ஆனால், குளோரைடு மிகுந்தால் பழத்தின் இனிப்பு குறையக்கூடும். வெள்ளை உப்பாக இருக்கும்போது இரண்டையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. எப்படிக் கண்டுபிடிப்பது?

நான்காம் படிவ வேதியியல் பாடத்தில் இதற்கு விடை உண்டு. உரத்தில் ஒரு சிட்டிகையைக் காய்ச்சி வடித்த நீரில் கரையுங்கள். குழாய் நீர் உதவாது. அதிலேயே குளோரைடு இருக்கும். கரைசலில் நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு, பிறகு சில்வர் நைட்ரேட் கரைசலைச் சேருங்கள். வெள்ளை வீழ்படிவு தோன்றினால் குளோரைடு. இளமஞ்சள் கலந்த வெண்மை என்றால் புரோமைடு. மஞ்சள் என்றால் அயோடைடு. சில்வர் புளோரைடு நீரில் கரைந்துவிடுவதால் புளோரைடுக்கு இச்சோதனை பயன்படாது.

மாணவர்கள் பலர் மறக்கும் படி, அந்த நைட்ரிக் அமிலம்தான். கலப்பு உரத்தில் பாஸ்பேட்டும் இருக்கும். அமிலம் இல்லாவிட்டால் சில்வர் பாஸ்பேட் மஞ்சளாகப் படிந்து, இல்லாத அயோடைடு இருப்பதுபோல் ஏமாற்றும். கார்பனேட்டும் இப்படியே குழப்பும். அமிலம் இவ்விரண்டையும் விலக்கிவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தாலோ குளோரைடை நாமே ஊற்றியதாகிவிடும்! கரைசல் நீர்த்ததாக இருப்பதும் முக்கியம். அடர்த்தி மிகுந்தால் சில்வர் சல்பேட்டும் வெள்ளையாகப் படியக்கூடும்.

நிறத்தில் ஐயம் வந்தால் அம்மோனியா தீர்த்து வைக்கும். சில்வர் குளோரைடு நீர்த்த அம்மோனியாவிலேயே கரையும். சில்வர் புரோமைடு கரைய அடர் அம்மோனியா வேண்டும். சில்வர் அயோடைடு இரண்டிலும் கரையாது.

இதை ஆய்வுக்கூடத்தில், ஆசிரியர் முன்னிலையில் மட்டும் செய்யுங்கள். சில்வர் நைட்ரேட் தோலைக் கறுக்க வைக்கும். அம்மோனியா சேர்த்த வெள்ளிக் கரைசலைச் சேமித்து வைத்தால் வெடிக்கும் பொருள் உருவாகலாம். எனவே, சோதனை முடிந்ததும் ஆசிரியரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

குளோரைடு உண்டா என்பதைத்தான் இச்சோதனை சொல்லும். எவ்வளவு என்பதைச் சொல்லாது. ஆனாலும், சல்பேட் உரம் என்று விற்கப்பட்டதில் வெள்ளை வீழ்படிவு திரண்டு வந்தால், விற்றவரிடம் விளக்கம் கேட்க அது போதுமான காரணம்.