வழுக்குப் பாறையும் நைலான் கயிறும்

அரையாண்டு விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று இண்டூர்ப் பிள்ளைகளைக் கேட்டால், பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். இம்முறை ஒரு மாறுதலுக்குப் பாறை ஏறப் போவதாக வைத்துக்கொள்வோம். ஆடு மேய்ப்பவர் பின்னால் குன்றின் மேல் ஓடுவதைச் சொல்லவில்லை. இடுப்பில் வார் மாட்டி, கயிறு கட்டி, பயிற்சியாளர் ஒருவர் துணையோடு செங்குத்துப் பாறையில் ஏறும் விளையாட்டைச் சொல்கிறேன். இதற்குத் திட்டமிட வேண்டுமானால், பையில் என்ன வைப்பது என்பதற்கு முன்னால் ஏறப் போகும் பாறை எது என்று தெரிந்தாக வேண்டும்.

உலகில் பாறை ஏறுவோர் கூட்டம் கூட்டமாகப் போகும் இடங்களில் பல, சுண்ணாம்புக்கல் பள்ளத்தாக்குகள். தென் பிரான்சில் வெர்டான் ஆறு அறுத்த பள்ளத்தாக்கு அப்படிப்பட்டது. தாய்லாந்தில் ரைலே கடற்கரையின் செங்குத்துப் பாறைகளும் சுண்ணாம்புக்கல்தான். பழங்காலக் கடல்களில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் படிந்து இறுகியே பெரும்பாலான சுண்ணாம்புக்கல் உண்டாயிற்று. மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரியமில வாயுவை ஏற்று மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளில் பாறை முகமெங்கும் பொந்துகளும் குழிகளும் விழுகின்றன. விரல் நுழையும் ஒவ்வொரு குழியும் ஏறுபவருக்கு ஒரு ஏணிப்படி.

இந்தக் கரைதலை உங்கள் வீட்டிலேயே காணலாம். சமையலறையில் கடப்பைக் கல் பதித்திருக்கிறார்களா? எலுமிச்சைச் சாறோ புளிக்கரைசலோ கொட்டிய இடத்தில் வெளுத்த தழும்பு ஒன்று தெரியும். கடப்பைக் கல் ஒரு வகைச் சுண்ணாம்புக்கல். பக்கத்தில் கிடக்கும் அம்மிக்கல்லில் அதே சாறு எத்தனை முறை பட்டாலும் அப்படி ஒரு தழும்பு விழாது.

நம் மாவட்டத்துப் பாறைகள் அம்மிக்கல்லின் உறவினர்கள். நைஸ், சார்னோகைட், கிரானைட் ஆகிய இவற்றில் பெரும்பகுதி 250 கோடி ஆண்டுகள் பழமையானது. (ஒகேனக்கல் பக்கத்தில் கார்பனடைட் என்னும் விந்தைப் பாறையும் உண்டு. அதில் சுண்ணாம்புக்கல்லின் பொருளாகிய கால்சைட் மிகுதி. ஆனால் அது கடலில் பிறந்ததல்ல, பூமிக்குள்ளிருந்து உருகிய குழம்பாக வந்தது.) கிரானைட் வகைகள் மழையில் சுண்ணாம்புக்கல்லைப் போலக் கரைந்து குழியாவதில்லை. மேலே அழுத்திக்கொண்டிருந்த சுமை நீங்கியதாலும், வெயிலிலும் குளிரிலும் மாறி மாறிக் கிடப்பதாலும், வெங்காயச் சருகு உரிவதுபோல வளைந்த ஏடுகளாக உரிகின்றன. மிஞ்சுவது மொட்டைத் தலைபோன்ற குன்று. விரல் நுழைக்க இடமில்லை. நம் மக்கள் இதற்கு வழுக்குப் பாறை என்று பெயர் வைத்தது பொருத்தமே.

பிடிக்க ஒன்றுமில்லாத பாறையில் எப்படி ஏறுவது? உராய்வால்தான். இயற்பியல் மாணவருக்குச் சுண்ணாம்புப் பள்ளத்தாக்கைவிட நம் பாறையே மேலான பள்ளிக்கூடம் என்பது என் கருத்து.

ஒரு மீட்டர் நீளமுள்ள பலகையின் மேல் ரப்பர் செருப்பை வைத்து, அதன் மேல் ஒரு கல்லைக் கட்டுங்கள். பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். செருப்பு நழுவத் தொடங்கும் நிலையில் உயரத்தையும் அடிப்பக்கத்தையும் அளந்து, உயரத்தை அடிப்பக்கத்தால் வகுத்தால் உராய்வுக் கெழு கிடைக்கும். இப்போது கல்லை மாற்றி இரு மடங்கு கனமான கல்லைக் கட்டுங்கள். ஏறக்குறைய அதே சாய்வில்தான் நழுவும். எடை கூடும்போது கீழே இழுக்கும் விசையும் கூடுகிறது, அழுத்தம் கூடுவதால் உராய்வும் கூடுகிறது. ஆகவே 30 கிலோ சிறுவனும் 60 கிலோ ஆசிரியரும் ஒரே காலணியோடு ஒரே சாய்வுவரை நிற்கலாம். கெழு 1 என்றால் அந்தச் சாய்வு 45 பாகை. பலகையில் சிறிது மண்ணைத் தூவியும் ஈரமாக்கியும் மறுபடி செய்து பாருங்கள். மழைக்குப் பின் பாசி படிந்த பாறையில் ஏன் ஏறக்கூடாது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியிராது.

வழுக்குப் பாறையில் பயந்தவர் செய்யும் முதல் காரியம், பாறையோடு பாறையாகப் படுத்துக்கொள்வது. அப்போது எடையின் ஒரு பகுதி கைக்கும் வயிற்றுக்கும் போய்விடும், காலடியில் அழுத்தம் குறையும், கால் வழுக்கும். நிமிர்ந்து நின்றால் முழு எடையும் ரப்பரை அழுத்தும். பயம் சொல்வது ஒன்று, உராய்வு விதி சொல்வது வேறு.

புகழ்பெற்ற சுண்ணாம்புப் பாறைகளுக்கு இங்கே ஒரு குறை உண்டு. மோஸ் கடினத்தன்மை அளவில் கால்சைட்டின் எண் 3, கிரானைட்டிலுள்ள குவார்ட்ஸின் எண் 7. ஆயிரக்கணக்கானோர் ஒரே குழியில் கால் வைத்தால், கோயில் வாசற்படிபோல அது தேய்ந்து பளபளப்பாகிவிடும். கூட்டம் அதிகம் போகும் வழியே வழுக்கும் வழியாகிறது.

உராய்வு கைவிட்டால்? இனிக் கயிற்றைப் பார்ப்போம். உயிர் அதில்தான் இருக்கிறது. 1865 ஜூலை 14 அன்று ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மேட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதலாக ஏழு பேர் எட்டினர். இறங்கும்போது ஒருவர் சறுக்க, கயிறு அறுந்து நால்வர் மாண்டனர். அறுந்த கயிற்றை இன்றும் செர்மாட் ஊர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

50 கிலோ எடையுள்ளவர் 4 மீட்டர் விழுந்தால் அவரது வேகம் மணிக்குச் சுமார் 32 கிலோமீட்டர். கயிறு 1 மீட்டர் நீண்டு அவரை நிறுத்தினால் சராசரி விசை சுமார் 2,450 நியூட்டன், அதாவது அவர் எடையைப்போல் ஐந்து மடங்கு. அதே கயிறு 10 செ.மீ. மட்டுமே நீண்டால் 20,000 நியூட்டன், நாற்பத்தொரு மடங்கு! அதற்குக் கயிறு தாங்கினாலும் முதுகெலும்பு தாங்காது. ஏறுகயிறு வலுவாக இருந்தால் மட்டும் போதாது, நீளவும் வேண்டும். நைலான் 1935-இல் பிறந்தது. நைலான் இழைகளை உள்ளே வைத்து மேலே உறை பின்னிய ஏறுகயிறு 1953-இல் வந்தது. இன்றைய ஒற்றைக் கயிறுகளுக்கான சோதனையில் 80 கிலோ எடையை விழவிடும்போது விசை 12,000 நியூட்டனைத் தாண்டக்கூடாது.

விழும் உயரத்தை மட்டும் பார்த்தும் ஏமாறக்கூடாது. 4 மீட்டர் விழுந்தால் கயிறு விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 1,960 ஜூல். 20 மீட்டர் கயிறு வெளியே இருந்தால் மீட்டருக்கு 98 ஜூல். கயிறு பிடிப்பவரிடமிருந்து இரண்டே மீட்டர் ஏறி, நடுவில் எங்கும் கொக்கி மாட்டாமல் விழுந்தாலும் 4 மீட்டர்தான் விழுவீர்கள். ஆனால் அதே ஆற்றலை 2 மீட்டர் கயிறு விழுங்க வேண்டும், மீட்டருக்கு 980 ஜூல். தொடக்கத்தில் விழுவதுதான் கொடிது. இதனால்தான் புதியவர்களுக்கு மேலிருந்து கயிறு கட்டுகிறார்கள். கயிறு எப்போதும் இறுக்கமாக இருப்பதால் விழும் தூரமே மிகக் குறைவு.

கிணற்றில் வாளி இறைக்கும் கயிற்றையோ லாரியில் பாரம் கட்டும் பிளாஸ்டிக் கயிற்றையோ இடுப்பில் கட்டி ஏறும் பிள்ளைகளை நினைத்தே இந்தக் கணக்கைப் போட்டேன். அவை எதற்குத் தாங்கும், எவ்வளவு நீளும் என்று யாரும் சோதித்ததில்லை. வெயிலிலும் ஈரத்திலும் அவற்றின் வலு எவ்வளவு போயிற்று என்பதும் கண்ணுக்குத் தெரியாது.

இனிப் பயணம். தருமபுரியில் ரயில் ஏறினால் ஓசூர் வழியாகப் பெங்களூர். அங்கிருந்து மைசூர்ப் பாதையில் ராமநகரம். 1975-இல் வந்த ‘ஷோலே’ படத்தின் பாறைகள் இவைதாம். ராமநகரத்தின் பழைய பெயர் குளோஸ்பேட். அதனால் அங்குள்ள பாறைக்கு குளோஸ்பேட் கிரானைட் என்று பெயர். 1,226 மீட்டர் உயரமுள்ள சாவனதுர்கா என்னும் மாபெரும் ஒற்றைப் பாறையும் அந்தப் பக்கம்தான். உராய்வு ஏற்றத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பெங்களூரில் உள்ள ஜெனரல் திம்மய்யா தேசிய சாகசக் கழகம் போன்ற அமைப்புகள் பயிற்சி தருகின்றன. சேருமுன் கயிற்றின் வயது என்ன, பெரிய விழுதல் ஏதும் கண்டதா, தலைக்கவசம் உண்டா என்று கேளுங்கள். கேள்விக்குச் சலித்துக்கொள்பவரிடம் சேராதீர்கள்.

டிசம்பர், ஜனவரி நல்ல மாதங்கள். ஏப்ரல் வெயிலில் பாறையில் கை வைக்க முடியாது; விரல் வியர்த்தால் பிடிப்பும் போகும். ராமநகரத்தின் ராமதேவர் பெட்டா 2012 முதல் பாறுக் கழுகுகளின் சரணாலயம். அவை பாறை விளிம்புகளில் கூடு கட்டுபவை, ஆகவே வனத்துறை அனுமதியின்றி அங்கே ஏறக்கூடாது. மலைத்தேனீ அடை தொங்கும் பாறையின் பக்கமே போகாதீர்கள். கூச்சலும் புகையும் வேண்டாம். கயிற்றில் தொங்குபவரால் தேனீக்களிடமிருந்து ஓட முடியாது.