உங்களுக்குத் தெரியுமா?

நுவரெலியா, ஹட்டன் மலைகளில் தேயிலைப் பச்சை பரவக் காரணமே ஒரு செம்மஞ்சள் தூள்தான்! 1869இல் இலங்கையின் கோப்பி இலைகளுக்கு அடியில் தூள் தூளாகப் படிந்தது இலைத்துரு நோய். அது ஒரு பூஞ்சணம். இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்கள் படுத்துவிட்டன. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 1867இலேயே 19 ஏக்கரில் அதை நட்டுப் பார்த்திருந்தார்.

● மலை முழுக்க ஒரே பச்சை என்பது பஸ் ஜன்னலில் இருந்து பார்ப்பவர்களின் எண்ணம். கொழுந்து விட்டு நிற்கும் மலை, மஞ்சள் கலந்த இளம்பச்சை. எடுத்து முடித்த மலை, கரும்பச்சை. அடியில் விட்டுவைத்த முற்றிய இலைதான் அப்போது தெரிவது. ஒரு வாரம், பத்து நாளில் மறுபடி வெளுக்கும். எந்த மலைக்கு ஆள் விட வேண்டும் என்பதை நிறத்தை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

● கவ்வாத்து வெட்டிய மலையில் பச்சையே இருக்காது. சில மாதங்களுக்கு வெறும் பழுப்புக் குச்சிகள்தான். வெட்டாமல் விட்டால்? இடுப்பளவுச் செடி, 10 மீட்டருக்கும் மேல் மரமாக வளரும்.

● பச்சைத் தேயிலைக்குத் தனிச் செடி கிடையாது (கடைக்காரர் என்ன சொன்னாலும்). பறித்த கொழுந்தை உடனே ஆவியிலோ சட்டியிலோ சூடாக்கினால் பச்சை நிறம் நிற்கும். வாட்டி, அரைத்து, காற்றுப்பட விட்டால் செம்பு நிறமாகி, அடுப்பில் காய்ந்து கறுக்கும்.

● ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். மீதி எடை எல்லாம் தண்ணீர்.